அத்தியாயம் 3: கம்புக்கு முன்னால் காலடி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சிலம்பம் கற்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதை முதலில் பார்த்தது ஏதோ ஒரு திருவிழாவில்தான். பங்குனிப் பொங்கலாக இருக்கும், முளைப்பாரி ஊர்வலமாக இருக்கும். மேளம் அதிர, ஒருவர் கையில் கம்பு தலைக்கு மேலே சக்கரமாகி, முதுகைச் சுற்றி வந்து, காலுக்கு அடியில் புகுந்து வெளியே வரும். பார்த்த பிள்ளை அன்றிரவே வீட்டில் ஒட்டடைக் கம்பைத் தேடும்.

அந்த ஆசை நல்ல ஆசை. ஆனால் ஆபத்து நேரத்தில் கைகொடுப்பது அந்தச் சுழற்சியில் மிகக் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் காலில் இருக்கிறது. எங்கே நிற்கிறோம், எவ்வளவு எட்டி நிற்கிறோம், எந்த நொடியில் விலகுகிறோம் என்பதில் இருக்கிறது. இந்த அத்தியாயம் முதல் மூன்று மாதப் பயிற்சியைப் பற்றியது. பள்ளிப் பிள்ளைகளுக்கும், அவர்களைச் சேர்த்துவிடும் பெற்றோருக்கும், மில் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும் பெண்களுக்கும், நாற்பது வயதில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த மண்ணில் மிஞ்சியது கம்பு

நரிக்குடிக்குப் பக்கத்தில் முக்குளம் என்றொரு ஊர் இருக்கிறது. மருது சகோதரர்கள் பிறந்த ஊர் அது. கும்பினி என்று ஊரார் சொன்ன கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830இல் வெளியிட்ட தன் நினைவு நூலில் சின்ன மருதுவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிதடியை வீசவும் தனக்கு முதலில் கற்றுத் தந்தவர் அவர்தான் என்றும், தேர்ந்த கையிலிருந்து போகும் வளரி நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் பதிவு செய்கிறார். சில ஆண்டுகள் கழித்து, 1801இல், அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று சகோதரர்கள் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையங்கள் வீழ்ந்தபின் கும்பினி ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தது.

வளரியை இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். கம்பு தப்பித்தது. கிடை போடும் கீதாரிக்கும், இரவில் வயல்காட்டுக்குப் போகிறவருக்கும், பாம்பு நடமாடும் ஓடைக்கரையில் நடக்கிறவருக்கும் கம்பு அன்றாடப் பொருள். அதைப் பறிக்க யாராலும் முடியவில்லை. கூடவே அது கோயில் திருவிழாவுக்குள் போய்த் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது என்பது என் கணிப்பு. அதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. திருவிழாக் கூட்டம் கேட்பது கண்ணுக்கு விருந்து. ஆகவே அலங்காரச் சிலம்பம் வளர்ந்தது. போர்ச் சிலம்பத்தின் காலடியும் தடுப்பும் சில வாத்தியார்களிடம் மட்டும் நின்றுவிட்டன. இன்று பல இடங்களில் முதல் நாளே கையில் கம்பைக் கொடுத்துச் சுற்றச் சொல்வது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. பிள்ளை இரண்டு வாரத்தில் வேகமாகச் சுற்றும், வீட்டில் கைதட்டுவார்கள், நின்ற இடத்தைவிட்டு நகர மட்டும் தெரியாது.

வாத்தியாரைத் தேடுவது

சேருவதற்கு முன்னால் ஒரு மாலை போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியைப் பார்க்க விடாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். புதிதாக வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். கம்பில்லாமல் காலடி போட்டுக்கொண்டிருந்தால் நல்ல இடம். காலடியின் பெயரும் எண்ணிக்கையும் வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். அதில் எது சரி என்ற சண்டைக்குள் நீங்கள் போக வேண்டியதில்லை. காலடி சொல்லிக் கொடுக்கப்படுகிறதா என்பது மட்டுமே உங்கள் கேள்வி.

அடிபட்ட பிள்ளையை வாத்தியார் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். விரல் மூட்டில் கம்பு பட்டு வீங்கினால் நிறுத்தி உட்கார வைக்கிறாரா, ‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா’ என்று திரும்பவும் இறக்குகிறாரா? பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களும் ஜோடி போட்டுக் கம்பு மோதுகிறார்களா, அல்லது ஆண்டு விழாவுக்கு வரிசையில் நின்று சுற்ற மட்டும்தானா? உடம்பைத் தொட்டுத் திருத்தும்போது சொல்லிவிட்டுத் தொடுகிறாரா? இதையெல்லாம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரம் சாதிச் சண்டையில் ரத்தம் பார்த்த வட்டாரம். ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் சேர்த்து, இன்னொரு தெருவைப் பேரைச் சொல்லிக் காட்டிக் கம்பு பழக்கும் இடம் எங்கிருந்தாலும் அங்கே போகாதீர்கள், எவ்வளவு பெரிய வாத்தியாராக இருந்தாலும். அங்கே பிள்ளை கற்பது அடுத்தவனை எதிரியாகப் பார்க்கத்தான். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் வணக்கம் வைத்துக் கம்பை எடுக்கும் மந்தைதான் சிலம்பக்கூடம்.

மூன்று மாதத்தில் வர்மம் சொல்லித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வர்மம் பல ஆண்டு வைத்தியத்தோடு சேர்ந்த படிப்பு. சான்றிதழ், மெடல், வேலைவாய்ப்பு பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இவை நல்ல செய்திகள். ஆனால் எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்தபின் பணம் கட்டுங்கள்.

தரை, வெயில், தண்ணீர்

கரிசல் மண் பயிற்சிக்கு நம்பத்தகாத தரை. மழையில் காலோடு அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடியிலும் ஒரு கிலோ மண்ணைத் தூக்க வைக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் முன்னங்கால் இறங்கினால் கணுக்கால் பிரண்டுவிடும். காலடிப் பயிற்சிக்கு அடித்து இறுகிய களம், செம்மண் மேடு, பள்ளி மைதானம் ஆகியவை நல்லவை. வற்றிய குண்டாற்று மணலில் ஓடலாம், தாவலாம். கெண்டைக்கால் நன்றாக வலுக்கும். ஆனால் திரும்பும் காலடிகளை மணலில் பழகாதீர்கள். பாதம் புதைந்திருக்க முழங்கால் மட்டும் திரும்பி, மூட்டு ஜவ்வு கிழியும் அபாயம் உண்டு.

கண்மாய்க்குள் இறங்கிப் பழகுகிறவர்கள் முதலில் தரையைக் கூட்ட வேண்டும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பையே துளைத்து ஏறும். வெறுங்காலில் பழகுவதுதான் மரபு, பாதம் தரையை உணர அதுவே சிறந்தது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் முள் காட்டில் வீம்பு வேண்டாம். மெல்லிய அடிப்பாகம் உள்ள கான்வாஸ் ஷூ போதும். முள் குத்திய காலைக் கழுவி, முள் முழுதாக வந்துவிட்டதா என்று பார்த்து, தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் இங்கே எதிராளியைவிடக் கொடியது. பங்குனி முதல் ஆவணி வரை காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும், மாலையில் ஐந்தரைக்கு முன் தொடங்கக் கூடாது. புதிதாக வருகிறவரின் உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை பாதி நேரம் மட்டும் பழகட்டும். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் கொடுங்கள். உப்புப் போட்ட நீர்மோர், நீச்சத்தண்ணி, கம்மங்கூழ் எல்லாம் இதற்கென்றே நம் ஊரில் பிறந்தவை. சிறுநீர் மஞ்சளாக அடர்ந்து போனால் தண்ணீர் போதவில்லை. தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழல். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, பையன் யாரென்று தெரியாமல் விழித்தால் அது வெப்பத்தாக்கு, உயிர்போகும் விஷயம். 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. டப்பாப் பவுடர் தேவையில்லை. கம்பு, குதிரைவாலி, உளுந்து என்று இந்த மண்ணில் விளைவதே போதும். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு கிராம். வளரும் பிள்ளைக்குப் பயிற்சி முடிந்த கையோடு அவித்த கடலையும் ஒரு முட்டையும் கொடுங்கள்.

முதல் மாதம்: கம்பில்லாமல்

தரையில் கோலமாவால் ஒரு சதுரம் போடுங்கள், பக்கத்துக்கு உங்கள் இரண்டு அடி நீளம். ஒரு மூலையில் இடது கால், எதிர் மூலையில் வலது கால். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும், எடை முன்பாதத்தில். இதுதான் நிலை. இங்கிருந்து ஒரு மூலையை விட்டு இன்னொரு மூலைக்கு ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள், பிறகு மற்றக் காலை. ஒருபோதும் இரண்டு காலும் ஒன்றோடொன்று சேரக் கூடாது, குறுக்கே பின்னிக்கொள்ளவும் கூடாது. கால் சேர்ந்த நொடியில் யார் தோளைத் தள்ளினாலும் விழுவீர்கள். நம்பாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைத் தள்ளச் சொல்லிப் பாருங்கள்.

பார்வை தரையில் இருக்கக் கூடாது. எதிரே நிற்பவரின் நெஞ்சுக் குழியைப் பாருங்கள். கண் ஏமாற்றும், கை ஏமாற்றும். நெஞ்சு நகராமல் யாரும் உங்களை நோக்கி வர முடியாது. ஜோடியாக நின்று, ஒருவர் ஓரடி முன்னால் வர, மற்றவர் அதே அளவு பின்னால் அல்லது பக்கவாட்டில் போக வேண்டும். இருவருக்கும் இடையே உள்ள எட்டம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பத்து நிமிடம் இதைச் செய்தால் சட்டை நனைந்துவிடும். சலிப்பாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். வேகத்தைக் கூட்டுங்கள், திசையை மாற்றுங்கள், ஆனால் இதை விட்டுவிடாதீர்கள். முதல் மாதத்தில் பாதி நேரம் இதற்கே போகட்டும்.

நேராகப் பின்னால் ஓடுவது எல்லோருக்கும் தானாக வரும். அது தோற்கும் வழி. பின்னால் போகிறவரைவிட முன்னால் வருகிறவருக்கு வேகம் அதிகம், பின்னால் கல் இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்வாக விலகுங்கள். வந்தவரின் பாய்ச்சல் உங்களைக் கடந்து போகும், உங்களுக்கு அவருடைய தோள் பக்கம் கிடைக்கும், அதோடு ஓட ஒரு வழியும் கிடைக்கும். இந்த ஒரு காலடி கைவந்தவர் கம்பைத் தொடாமலே பாதி சிலம்பம் கற்றவர் என்பேன்.

உடம்பை வலுவாக்கத் தண்டால், பஸ்கி, கயிறு தாண்டுதல், கர்லாக்கட்டை போதும். வயது வந்தவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமாக மூச்சு வாங்கும் உழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் மூன்று நாள் மந்தைக்கு வந்தாலே இது நிறைவேறிவிடும். ஆனால் வேலைக்கேற்ப உடம்பு வேறுபடும். தறியில் உட்காருகிறவருக்குத் தோள் முன்னால் வளைந்து, இடுப்பு இறுகியிருக்கும். அவர் தண்டாலுக்கு முன்னால் பத்து நாள் தோளைப் பின்னுக்கு விரிக்கும் அசைவுகளையும், இடுப்பைத் தளர்த்தும் உட்கார்ந்தெழும் பயிற்சியையும் செய்ய வேண்டும். மில்லில் எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் வேலை பார்த்தவருக்குக் கால் ஏற்கெனவே ஓய்ந்திருக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் அவரைத் தாவச் சொல்லாதீர்கள், தூங்கச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

இரண்டாம் மாதம்: கம்பு

கம்பை நட்டமாகத் தரையில் ஊன்றினால் உங்கள் புருவத்துக்கும் நெற்றிக்கும் இடையே நிற்க வேண்டும். மூங்கிலோ பிரம்போ எதுவானாலும் கணு நெருக்கமாக, நேராக, கைக்குள் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ளும் பருமனில் இருக்கட்டும். பழைய வாத்தியார்கள் மூங்கிலை நெருப்பில் வாட்டித் தண்ணீரில் அடித்து உறுதியாக்குவார்கள். நம் ஊர் வறண்ட காற்றில் மூங்கில் நீளவாக்கில் வெடிக்கும். மாதம் ஒருமுறை எண்ணெய் தடவி, வெயில் படாத இடத்தில் படுக்கவைத்து வையுங்கள். வெடித்த கம்போடு யாரையும் ஜோடி போடவிடாதீர்கள், சிலாம்பு தெறித்துக் கண்ணில் பாயும்.

முதல் வாரம் சுற்றல் வேண்டாம். பிடி, வணக்கம், தலைக்கு ஒரு அடி, தோளுக்கு ஒரு அடி, முழங்காலுக்கு ஒரு அடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பு. எல்லாமே முதல் மாதத்தில் பழகிய அதே சதுரக் காலடியோடு. தடுப்பு என்பது கம்பை நீட்டிக்கொண்டு நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். காலை நகர்த்தாமல் தடுத்தால் அடுத்த அடி விரலில் விழும். ஆகவே, கால் நகரும், பிறகு கம்பு எழும்.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் பொட்டு ஆட்டம் ஆடலாம். கம்பு முனையில் பொடி தோய்த்து, எதிராளியின் உடம்பில் பொட்டு வைப்பது. தலைக்கவசம் இல்லாமல் இதை ஆடவே கூடாது. கழுத்து, முகம், அடிவயிறு விலக்கு. இந்த ஆட்டம் கற்றுத் தரும் பெரிய விஷயம் ஒன்று உண்டு: அடி விழும், விழுந்த பிறகும் மூச்சும் யோசனையும் நிற்காது. வாழ்க்கையில் ஒருமுறைகூட அடி வாங்காதவர் முதல் அடியில் உறைந்து போவார். சினேகமான கையால் மெதுவாகப் பட்டுப் பழகியவர் உறைய மாட்டார்.

கம்பில்லாத நேரம்

நெற்றி உயரக் கம்பைத் தூக்கிக்கொண்டு யாரும் மதுரை பஸ்ஸில் ஏறுவதில்லை. பின் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், உடம்போடு கூட வருவது எட்டம் என்ற உணர்வு. கம்பு பழகியவருக்கு எதிராளி எத்தனை அடி தூரத்தில் ஆபத்தாகிறான் என்பது கணக்குப் போடாமலே தெரியும். வெறும் கையோடு நிற்கும் அந்நியரிடம் இரண்டு கை நீளம் விலகி நில்லுங்கள். வழி கேட்டுக்கொண்டு நெருங்கினால், பேசிக்கொண்டே பக்கவாட்டில் ஓர் அடி போங்கள். நல்ல மனிதர் அங்கேயே நிற்பார். நீங்கள் விலக விலக அந்த இடைவெளியை மூடிக்கொண்டு வருகிறவர் தன் எண்ணத்தைச் சொல்லிவிட்டார்.

கத்தி தெரிந்தால் ஓடுங்கள். கம்பு இருந்தாலும் ஓட முடிந்தால் ஓடுங்கள்.

பைக்கில் வந்து சங்கிலியைப் பிடித்தால் விட்டுவிடுங்கள். இதை எழுதும்போதே பல அக்காக்கள் தலையாட்ட மாட்டார்கள் என்று தெரியும். தாலிச் சங்கிலியைக் கை தானாகப் பற்றிக்கொள்ளும், அந்தக் கையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஓடும் வண்டியோடு இழுபட்டுத் தார் ரோட்டில் தலை அடிபடுவது பவுனைவிடப் பெரிய இழப்பு. சங்கிலிப் பறிப்பு இப்போது தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு. வண்டி எண்ணையும் போன திசையையும் மனதில் வாங்கிக்கொண்டு உடனே புகார் கொடுங்கள்.

குரலையும் பழக்க வேண்டும். பெண் பிள்ளை சத்தமாகப் பேசக் கூடாது என்று வளர்த்த வீடுகள் நம்முடையவை. ஆபத்தில் தொண்டை அடைத்துப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் ‘தள்ளிப் போ!’ என்று வயிற்றிலிருந்து கத்த வையுங்கள். முதல் வாரம் சிரிப்பார்கள், இரண்டாம் வாரம் கத்துவார்கள். ‘அண்ணே, விடுங்க’ என்ற கெஞ்சல் வேண்டாம். மரியாதைச் சொல்லையெல்லாம் அந்த நிமிடத்துக்கு ஒதுக்கி வைக்கட்டும்.

இதோடு, பெற்றோர் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவை பிள்ளைக்குத் தெரிந்தவரால் நடப்பவை என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. இருட்டு ரோட்டில் வரும் அந்நியனுக்கு மட்டும் பிள்ளையைத் தயார் செய்துவிட்டு, வீட்டுக்கு வரும் மாமாவையும் டியூஷன் வாத்தியாரையும் சிலம்ப வாத்தியாரையும் கணக்கில் விட்டுவிட்டால் பயிற்சி அரைகுறை. யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் சொல்லலாம், சொன்னால் அடி விழாது, நம்புவோம் என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணை மனப்பாடமாக்குங்கள். பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112.

எதற்காக அடிப்பது, எப்போது நிறுத்துவது

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன் என்ற பையன் மதுரையில் படித்த காலத்தில் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் நீச்சலிலும் கெட்டிக்காரன். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. 1924 ஜூன் 26 இரவு திருவண்ணாமலையில் அவருடைய ஆசிரமக் குடிசைக்குத் திருடர்கள் வந்தார்கள். உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ரமணர். அவர்கள் கேட்கவில்லை. கருப்பன் என்ற நாய்க்கு அடி விழக் கூடாதென்று அதை முதலில் பத்திரமான இடத்துக்கு அனுப்பினார். பிறகு எல்லோருமாகக் குடிசையை விட்டு வெளியேறினார்கள். வெளியே வந்தவர்களைத் திருடர்கள் வாசலில் நின்று அடித்தார்கள், ரமணரின் தொடையிலும் அடி விழுந்தது. அதைக் கண்ட சீடர் ஒருவர் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தபோது ரமணர் தடுத்தார். திருடர்களுக்குக் கிடைத்தது சொற்பம். பின்னர் போலீஸிடம் பிடிபட்டார்கள்.

போதாதென்றால் இன்னொரு காலிலும் அடிக்கலாம் என்று ரமணர் சொன்னதாக வரலாறு. அந்தச் சொல் ஞானியுடையது, அதை யாரிடமும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த இரவில் அவர் செய்த மற்றவை ஒவ்வொன்றும் தற்காப்புப் பாடம். போகிற பொருளின் மதிப்பை முதலில் எடை போட்டார். உயிர்களை வெளியே நகர்த்தினார். கோபத்தில் ஆயுதம் எடுத்த தன் ஆளை நிறுத்தினார். உடல்வலு இல்லாதவர் பயத்தில் செய்தது என்று இதைத் தள்ள முடியாது. மல்யுத்தம் பழகிய உடம்பு அது.

பொருளுக்கு வந்தவனிடம் பொருளை விடுங்கள். உங்களையே தூக்கிக்கொண்டு போக வந்தவனிடம் எதையும் விடாதீர்கள். கடி, கீறு, கண்ணைக் குத்து, முழங்காலை உதை, கத்து, கிடைத்ததை எறி. அங்கே மரபும் இல்லை, வணக்கமும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறியும் புத்தியைத்தான் மூன்று மாதமும் பழக்குகிறோம்.

சட்டமும் ஏறத்தாழ இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்ததுமே உரிமை தொடங்குகிறது, அச்சம் நீடிக்கும்வரை நீடிக்கிறது. உயிருக்கும் கொடுங்காயத்துக்கும் பயப்பட வேண்டிய தாக்குதல், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவற்றில் எதிராளி இறக்க நேர்ந்தாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்க இடமுண்டு. ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடி கூடாது. போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. விழுந்தவனை மறுபடி அடித்தால் அது தற்காப்புக் கணக்கில் வராது. நேற்று அடித்தவனை இன்று ஆள் சேர்த்துத் தேடிப் போவதும் வராது. கம்பு பழகும் இளவட்டங்களிடம் இதை வாத்தியார் மாதம் ஒருமுறையாவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

ஆபத்து முடிந்த பிறகு கை நடுங்கும், வாய் உலரும், சிலருக்கு அழுகை வரும். உடம்பு பொங்கி அடங்கும் இயல்பு அது, கோழைத்தனம் கிடையாது. வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்தில், டீக்கடையோ பெட்ரோல் பங்க்கோ, உட்கார்ந்து, மூச்சை இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். தண்ணீர் குடியுங்கள். பிறகு 112. நடந்ததை அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள், இரண்டு நாளில் வரிசை மாறிப் போகும்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் மந்தை சேறாகிவிடும். பயிற்சியை நிறுத்தாதீர்கள். சாவடியிலோ பள்ளித் தாழ்வாரத்திலோ கம்புக்கு இடம் இருக்காது, அதனால் குத்துவரிசைக்கும் பிடிவரிசைக்கும் அதுவே சமயம். மணிக்கட்டைப் பிடித்தால் கட்டைவிரல் பக்கமாகத் திருகி விடுவிப்பது, பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் இடுப்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நழுவுவது, கீழே விழுந்தால் தலை தரையில் மோதாமல் தாடையை நெஞ்சோடு ஒட்டி உருளுவது. சிமெண்ட் தரையில் விழுந்து பழக, பழைய பாயின் மேல் பருத்தி மெத்தையைப் போட்டுக்கொள்ளுங்கள். இவற்றுக்கும் அடிப்படை அந்தச் சதுரக் காலடிதான் என்பதால், தாழ்வாரத்துச் சிமெண்டிலும் சாக்பீஸால் அதை வரைந்துவிட்டே தொடங்குங்கள். மான்கொம்பு, சுருள்வாள், வேல்கம்பு ஆகியவை இரண்டாம் ஆண்டுக்கு. அவற்றின் அளவுகளையும் பாதுகாப்பையும் ஆறாம் அத்தியாயத்தில் பார்க்கலாம்.